ஹாக்லரா, லியோனார்டா? 1987 சண்டையை யாருக்குக் கொடுப்பீர்கள், ஏன்?

இடதுகை எழுதியது:

எங்கள் வீட்டில் இருபது வருடமாகத் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. 1987 ஏப்ரல் 6, லாஸ் வேகஸ் சீசர்ஸ் பேலஸில் மார்வின் ஹாக்லரும் சுகர் ரே லியோனார்டும் மோதிய மிடில்வெயிட் எடைப் பிரிவுக் குத்துச்சண்டைப் பட்டச் சண்டை. பட்டம் அப்போது ஹாக்லரிடம். அண்ணன் அதை ஹாக்லருக்குக் கொடுப்பார். நான் லியோனார்டுக்கு.

போன வாரம் அண்ணன் ஊரிலிருந்து வந்திருந்தார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மறுபடியும் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அண்ணன் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பாரு, யாருடா பின்னாடி போறான்?" நானும் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டேன்: "அதை விடுங்க, யார் மேல அடி விழுது?" பன்னிரண்டு சுற்றும் இப்படியே போனது. அவர் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே திரையில் இரண்டு பேரும் இரண்டு சண்டை பார்த்திருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தெரியாதவர்களுக்கு: தீர்ப்பு லியோனார்டுக்கு, ஆனால் ஒருமனதாக இல்லை. ஒரு நடுவர் 115-113 லியோனார்டுக்கு, இன்னொருவர் அதே 115-113 ஹாக்லருக்கு, மூன்றாமவர் 118-110 லியோனார்டுக்கு. அந்த 118-110ஐ லியோனார்ட் ரசிகனான நானே ஒப்புக்கொள்ள மாட்டேன். அதை ஓரமாக வைத்துவிடுவோம். நீங்கள் யாருக்குக் கொடுப்பீர்கள்? எந்த மாதிரிச் சண்டை உங்களுக்குச் சண்டையாகத் தெரிகிறது? அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கருங்கல் எழுதியது:

ஹாக்லருக்கு. யோசிக்கவே தேவையில்லை. உங்கள் அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லிவிடுங்கள்.

ஏன் என்று கேட்டீர்கள், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஹாக்லரை எனக்குப் பிடிக்கக் காரணம் அவர் ரிங்குக்குள் செய்தது மட்டும் இல்லை, ரிங்கு வரைக்கும் அவர் வந்த வழியும்தான். 1967 கலவரத்துக்குப் பிறகு நியூவார்க்கை விட்டுக் குடும்பத்தோடு மாசசூசெட்ஸில் பிராக்டன் என்ற ஊருக்கு வந்தார். அவருக்குப் பயிற்சி கொடுத்த பெட்ரோனெல்லி சகோதரர்கள் கட்டட வேலை எடுத்துச் செய்தவர்கள். பகலில் அவர்களிடம் கட்டட வேலை, சாயங்காலம் அவர்கள் ஜிம்மிலேயே பயிற்சி. பெரிய சண்டைக்கு முன்னால் கேப் காட் கடற்கரையில் குளிர்காலத்தில் கனமான பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓடுவார். இதெல்லாம் அவர் ஸ்டைலில் அப்படியே தெரியும். ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) போட்டுக்கொண்டே முன்னால் வருவார், அடி வாங்கினாலும் நிற்கமாட்டார், நாலாவது சுற்றில் எப்படியோ பன்னிரண்டாவதிலும் அப்படியே இருப்பார்.

நடுவர்கள் அவரை எப்படி நடத்தினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1979இல் வீட்டோ அன்டுவோஃபெர்மோவோடு நடந்த பட்டச் சண்டையை அவர் ஜெயித்தார் என்றுதான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் நினைத்தார்கள். டிரா என்று அறிவித்தார்கள். அடுத்த வருடம் லண்டன் போய் ஆலன் மின்டரை மூன்றே சுற்றில் முடித்துப் பட்டத்தை எடுத்தபோது கூட்டம் பாட்டில்களை வீசியது. அந்தப் பட்டத்தை 12 முறை காத்து நின்றவர் அவர்.

லியோனார்ட் அதுவரை ஐந்து வருடத்தில் ஒரே ஒரு சண்டை போட்டிருந்தார். ரிங் பெரிதாக வேண்டும், 10 அவுன்ஸ் கையுறை வேண்டும், 15 வேண்டாம் 12 சுற்று போதும் என்று அவர் தரப்பு கேட்டதை எல்லாம் ஹாக்லர் தரப்பு விட்டுக்கொடுத்தது. அப்புறம் ரிங்கில் ஒவ்வொரு சுற்றிலும் கடைசி 30 விநாடிக்கு ஒரு படபடப்பு. அதுவரை பிடித்துக்கொள்வது, சுற்றி ஓடுவது. சாம்பியனிடமிருந்து பட்டத்தைப் பறிக்க வேண்டுமானால் சாம்பியனை அடித்துப் பறிக்க வேண்டும். ஹாக்லர் அதற்குப் பிறகு ரிங்கில் ஏறவே இல்லை, இத்தாலிக்குப் போய்விட்டார். 2021இல் அவர் இறந்த செய்தி வந்த அன்று அவர் தாமஸ் ஹியர்ன்ஸை ஜெயித்த சண்டையைத்தான் நான் போட்டுப் பார்த்தேன், லியோனார்ட் சண்டையைத் தொடவில்லை.

அட்டைக்காரர் எழுதியது:

கருங்கல் நண்பரே, உங்கள் பாசம் புரிகிறது. ஆனால் சாம்பியனை அடித்துத்தான் பட்டத்தைப் பறிக்க வேண்டும் என்ற பேச்சுக்கு விதியில் இடம் கிடையாது. ஒவ்வொரு சுற்றும் புதுக் கணக்கு, பட்டம் யார் இடுப்பில் இருக்கிறது என்பது நடுவருக்கு வேண்டாத விஷயம்.

பத்துப் புள்ளி முறையில் (சுற்றை ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9) நடுவர் நான்கைப் பார்க்க வேண்டும்: சுத்தமாக விழுந்த குத்துகள், பலன் தரும் ஆக்ரோஷம், ரிங்கைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல், தற்காப்பு. இரண்டாவதில் "பலன் தரும்" என்ற சொல் சும்மா வரவில்லை. முன்னால் நடந்து வந்து காற்றில் குத்தினால் அதற்குப் புள்ளி இல்லை. மூன்றாவதில்தான் ரசிகர்கள் பிரிகிறார்கள். கயிற்றை ஒட்டி ஒருவர் சுற்றி வருகிறார், இன்னொருவர் நடுவில் நின்று துரத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிங் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது? துரத்துகிறவர் என்பார் உங்களைப் போன்றவர். துரத்த வைக்கிறவர் என்பேன் நான். இரண்டுக்கும் விதிப் புத்தகத்தில் இடம் இருக்கிறது, அதனால்தான் இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

எண்ணிக்கையைப் பாருங்கள். குத்துகளை எண்ணும் கம்ப்யூபாக்ஸ் கணக்கில் ஹாக்லர் 792 வீசி 291 இறக்கினார். லியோனார்ட் 629 வீசி 306. வித்தியாசம் வெறும் 15 குத்து. லியோனார்ட் கடைசி 30 விநாடி மட்டும் வேலை பார்த்தார் என்றால் இந்த 306 எங்கிருந்து வந்தது?

இன்னொன்று, முதல் சுற்றுகள். ஹாக்லர் இயல்பில் சவுத்பா, அதாவது வலது பக்கத்தை முன்வைத்து நிற்பவர். அன்றைக்கு இடது பக்கத்தை முன்வைக்கும் ஆர்த்தடாக்ஸ் நிலையில் ஆரம்பித்தார். ஏன் என்று இன்றைக்கு வரைக்கும் அவர் ரசிகர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அவர் சவுத்பாவுக்குத் திரும்புவதற்குள் லியோனார்ட் சுற்றுகளைச் சேர்த்துவிட்டார். 12 சுற்றுச் சண்டையில் நான்கை இனாமாகக் கொடுத்துவிட்டு மீதி எட்டில் ஏழு சுற்றை ஜெயிக்க வேண்டும் என்றால் அது எந்தச் சாம்பியனுக்கும் கஷ்டம்தான். என் அட்டை 115-113, லியோனார்ட்.

கருங்கல் எழுதியது:

சுற்று எண்ணிக்கை பற்றிச் சொன்னதால் ஒன்று சொல்கிறேன். 1983இல் ராபர்டோ டுரானோடு நடந்த சண்டையில் 13 சுற்று முடிந்தபோது இரண்டு நடுவர்களின் அட்டையில் டுரான்தான் முன்னால் இருந்தார். கடைசி இரண்டு சுற்றை எடுத்து ஹாக்லர் ஜெயித்தார். அது 15 சுற்றுச் சண்டை. அழுத்தம் கொடுத்து வருகிறவருக்கு அந்த 13, 14, 15தான் அறுவடை. முதல் பத்துச் சுற்றில் விதைப்பார். வயிற்றில் போட்ட குத்துக்கெல்லாம் கூலி கடைசியில்தான் வரும்.

15 ஏன் 12 ஆனது என்பதும் எனக்குத் தெரியும். 1982 நவம்பரில் ரே மன்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் டுக் கூ 14ஆம் சுற்றில் விழுந்து சில நாளில் இறந்துபோனார். குறைத்தது சரி. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அந்த மாற்றம் ஒரு வகை வீரர்களிடமிருந்து மூன்று சுற்றைப் பிடுங்கிக்கொண்டது என்பதும் உண்மை.

48கிலோ எழுதியது:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான்கு வருடம் வட சென்னையில் ஒரு கிளப்பில் பயிற்சி எடுத்தவள், அதனால் ரிங்குக்குள்ளே இது எப்படி இருக்கும் என்று சொல்ல ஆசை.

எங்கள் கோச் மூலைக்கு மூலை ஒரு கயிறு கட்டிவிடுவார், தோள் உயரத்துக்கு. அதன் கீழே தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொண்டு போய்க்கொண்டே முன்னால் நடக்க வேண்டும். முழங்காலை மடக்க வேண்டும், இடுப்பை மடக்கினால் திட்டு விழும். மூன்று நிமிடம் செய்து பாருங்கள், தொடை எரியும். பார்க்கிற ஆட்கள் முரட்டுத்தனம் என்று சொல்கிற ஸ்டைலுக்கு அடியில் இருப்பது இந்தக் கயிறுதான். உள்ளே நுழைவது என்பது ஒரு படிப்பு. தலை ஒரே கோட்டில் போனால் நேராகக் குத்து வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். ஹாக்லரை வெறும் உழைப்பாளி என்று சொன்னால் அது அவருக்குச் செய்கிற மரியாதை இல்லை, கருங்கல் அண்ணா. தூரத்தை ஜாபாலேயே குறைக்கத் தெரிந்தவர் அவர்.

அடுத்தது ஈரல் குத்து. ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், ஒருமுறை வாங்கினேன். எதிரில் இருந்தவள் என்னைவிடக் குள்ளம், இடது ஹுக்கை (பக்கவாட்டில் வளைத்துப் போடும் குத்து) என் வலது முழங்கைக்குக் கீழே, விலா எலும்பு முடிகிற இடத்தில் போட்டாள். விழுந்த உடனே ஒன்றும் தெரியவில்லை, சமாளித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு ஜாப்கூடப் போட்டேன். அப்புறம் கால் தானாக மடங்கியது. தலை தெளிவாக இருக்கிறது, எழுந்திரு என்று சொல்கிறது, உடம்பு கேட்கவில்லை. மூச்சு உள்ளே போகவில்லை. மெக்சிகோ வீரர் ஹூலியோ சீசர் சாவேஸ் சண்டைகளில் எதிராளிகள் அடி விழுந்து ஒரு கணம் கழித்து உட்காருவதைப் பார்த்து முன்பெல்லாம் நடிப்பு என்று நினைத்திருக்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு நினைத்ததில்லை. மெக்சிகோ ரசிகர்கள் உடம்புக்குப் போடுகிற ஹுக்குக்கு எழுந்து நிற்கிறார்களே, அது தலைக்குப் போடுகிறதைவிடப் பெரிய வேலை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இவ்வளவு சொன்னாலும், நான் விரும்பிப் பார்ப்பது வெளியே நின்று ஆடுகிறவர்களைத்தான். 48 கிலோவில் கை நீளம் எனக்குக் கிடைத்த ஒரே சொத்து. தொடமுடியாத தூரத்தில் நின்று தொட்டுவிட்டு வருகிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. 1987க்கு என் ஓட்டு லியோனார்டுக்கு.

லூனா பார்க் எழுதியது:

தற்காப்பு ஆட்டம் போரடிக்கும், கூட்டம் வராது என்ற பேச்சு இன்னும் இந்த இழையில் வரவில்லை. வருவதற்கு முன்னால் நான் நிகோலினோ லோச்சேயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயரே அவர் ஆடிய அரங்கத்தின் பெயர்தான்.

அர்ஜென்டினாவில் மென்டோசா பக்கத்துக்காரர். பட்டப்பெயர் எல் இன்டோகாபிளே, தொடமுடியாதவர். 136 சண்டை, அதில் 117 வெற்றி, நாக்அவுட் வெறும் 14. இந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் யாரும் டிக்கெட் எடுக்கமாட்டார்கள் என்றுதான் தோன்றும். பியூனஸ் ஐரஸ் லூனா பார்க் அவருக்காக நிரம்பி வழிந்தது. கிடைக்கிற படச்சுருள்களைத் தேடிப் பாருங்கள். கயிற்றில் சாய்ந்துகொண்டு கைகளைத் தொங்கவிட்டிருப்பார். எதிராளி நான்கு, ஐந்து, ஆறு குத்து விடுவார். லோச்சே கால் ஒரு அடி நகராது. கழுத்தும் இடுப்பும் மட்டும் விரல்கடை அளவுக்கு அசையும், அத்தனையும் காதோரமாகக் காற்றில் போகும். ஒவ்வொரு தவறின குத்துக்கும் அரங்கம் முழுக்க ஒரு சத்தம் எழும். காளைச் சண்டையில் எழுமே, அந்த மாதிரி.

1968 டிசம்பர் 12, டோக்கியோவில் ஜூனியர் வெல்டர்வெயிட் பட்டத்துக்காகப் பால் ஃபுஜியோடு. ஃபுஜி வலுவான குத்துக்காரர், அவர் ஊர், அவர் கூட்டம். ஒன்பது சுற்று அவர் வீசிக்கொண்டே இருந்தார். லோச்சே விலகி விலகி ஜாபால் முகத்தைக் குத்திக்கொண்டே இருந்தார். பத்தாவது சுற்றுக்கு ஃபுஜி ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டிருந்தது. அடித்துச் சாய்க்கத் தெரியாதவர் என்று சொல்லப்பட்ட ஒருவர் ஒரு சாம்பியனை உட்கார்ந்த இடத்திலேயே வெளியேற வைத்தார். எந்த நாக்அவுட்டையும்விட எனக்கு அதுதான் பெரிது. வீழ்த்தப்பட்டவன் திரும்ப எழலாம், குத்தினால் பயனே இல்லை என்று தோன்றிவிட்டவன் எங்கே எழுவான்?

ஒரு நாட்டு ரசிகர்கள் விலகும் கலைக்குக் கைதட்டப் பழகியிருந்தார்கள். ஆக, தற்காப்பு போரடிக்கும் என்பது குத்துச்சண்டையின் இயல்பு இல்லை. நாம் எதைப் பார்த்து வளர்ந்தோம் என்பதைப் பொறுத்தது அது.

கருங்கல் எழுதியது:

லூனா பார்க், மறுக்க முடியாத உதாரணம்தான். ஃபுஜி சண்டையைத் தேடிப் பார்க்கிறேன். 48கிலோ தங்கை, நீங்கள் சொன்ன கயிறு விஷயமும் சரி. உழைப்பாளி என்று சொல்லும்போது அவருடைய அறிவை நான் குறைத்துவிட்டேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். 2013 ஏப்ரலில் நியூயார்க்கில் கில்லெர்மோ ரிகோண்டோ நோனிட்டோ டொனேரை ஜெயித்தார். டொனேர் முந்தைய வருடம் பெரும்பாலான பட்டியல்களில் ஆண்டின் சிறந்த வீரர். ரிகோண்டோ இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய கியூபாக்காரர். பன்னிரண்டு சுற்றில் டொனேரை ஒன்றுமே செய்யவிடவில்லை, பத்தாவதில் ரிகோண்டோ ஒருமுறை குத்து வாங்கி விழுந்ததைத் தவிர. கூட்டம் என்ன செய்தது? கூச்சல் போட்டது. அதற்குப் பிறகு அவருக்குப் பெரிய மேடைகள் கிடைப்பதே அரிதாகிவிட்டது. லோச்சேவுக்குக் கிடைத்தது ரிகோண்டோவுக்கு ஏன் கிடைக்கவில்லை? நான் நினைக்கிற பதில்: லோச்சே எதிராளியின் கைக்கெட்டும் தூரத்தில் நின்று விலகினார், ரிகோண்டோ அந்த இடத்திலேயே இல்லை. ஆபத்துக்குள்ளே நின்றுகொண்டு அடி படாமல் இருப்பதைப் பார்க்கும்போது என் கையும் வியர்க்கிறது. ஆபத்தே இல்லாத இடத்துக்குப் போய்விட்டால் எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லை.

லூனா பார்க் எழுதியது:

நல்ல வேறுபாடு இது, ஒத்துக்கொள்கிறேன். பெர்னெல் விட்டேகரும் அதனால்தான் எனக்கு லோச்சே வரிசையில் வருகிறார். மூக்கோடு மூக்கு நின்று விலகுவார். 1993 செப்டம்பரில் சான் அன்டோனியோ ஆலமோடோமில் ஐம்பதாயிரம் பேருக்கும் மேல், பெரும்பாலும் சாவேஸ் ரசிகர்கள். சாவேஸ் அதுவரை 87 சண்டையில் தோற்றதே இல்லை. விட்டேகர் அவரை ஓடி ஓடி ஜெயிக்கவில்லை, பல சுற்றில் உள்ளே நின்று சாவேஸின் சொந்த வீட்டிலேயே அவரை முந்தினார். இரண்டு நடுவர்கள் 115-115 போட்டு டிராவாக்கி, சாவேஸ் தோற்காமல் பார்த்துக்கொண்டார்கள். நானறிந்த எந்த ரசிகரும் அதை டிரா என்று சொல்லிக் கேட்டதில்லை.

உங்கள் ஹாக்லருக்கு அன்டுவோஃபெர்மோ என்றால் எங்கள் விட்டேகருக்குச் சாவேஸ். அநியாயம் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது, கருங்கல்.

பழைய ரேடியோ எழுதியது:

தம்பிகளே, தங்கையே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 64. ஸ்டைல்தான் சண்டையைத் தீர்மானிக்கிறது என்று பேசும்போது ஒரு முக்கோணத்தைச் சொல்லாமல் போகக்கூடாது.

1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மேன் ஜோ பிரேசியரை இரண்டே சுற்றில் ஆறு முறை சாய்த்தார். அதே வருடம் மார்ச்சில் கென் நார்டன் முகமது அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார். 1974 மார்ச்சில் அதே நார்டனை ஃபோர்மேன் இரண்டு சுற்றில் முடித்தார். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் அலிக்கு என்ன ஆகியிருக்க வேண்டும்? அலியை ஜெயித்த இரண்டு பேரையும் ஃபோர்மேன் நான்கு சுற்றுக்குள் கழித்துக் கட்டியிருக்கிறார். 40 சண்டை, 40 வெற்றி, 37 நாக்அவுட். அந்த ஃபோர்மேனோடு மோதக் கின்ஷாசாவுக்கு அலி போனபோது அவர் உயிருக்கே பயந்தவர்கள் இருந்தார்கள். எட்டாவது சுற்றில் விழுந்தது ஃபோர்மேன்.

ஏன் அப்படி என்று யோசித்து யோசித்து நான் கண்டது இதுதான். பிரேசியர் குனிந்து, ஆடி ஆடி முன்னால் வருகிறவர். ஃபோர்மேன் நீளமான கையால் தோளைத் தள்ளி நிறுத்திக் கீழிருந்து அப்பர்கட் போடுகிறவர். குனிந்து வருகிற தலை நேராக அந்தக் குத்துக்குத்தான் வந்து சேரும். அலி பின்னால் சாய்கிறவர், ஃபோர்மேனின் அகலமான குத்துகளுக்கு அங்கே தலை இல்லை, கயிறுதான் இருந்தது. நார்டனுக்கு எடி ஃபட்ச் சொல்லிக் கொடுத்தது வேறு. அலி ஜாப் போடும்போது நீயும் ஜாப் போடு, அவர் வலது கை இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. அது அலியிடம் மட்டும் பலித்தது. ஃபோர்மேனிடம் அந்தப் பாடத்தால் என்ன பயன்?

அதனால்தான் இவர் அவரைவிடப் பெரியவர் என்று யாராவது அடித்துச் சொன்னால் எனக்குப் பிடிக்காது. யாருக்கு எதிரே என்று கேட்பேன்.

1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து முகம் சரியாகத் தெரியவில்லை. நான் முழு நேரமும் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு கனத்திருந்தது, வயதும் ஆகியிருந்தது. இருந்தாலும் அந்தக் குதிகால் தரையில் முழுக்கப் பதியாமல் நின்ற விதம் இன்னும் கண்ணில் இருக்கிறது. பக்கத்தில் இருந்த ஒருவர் "அடிங்க, அடிங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். மாமா சத்தமே போடவில்லை. வீட்டுக்கு வரும்போது, "நடையைப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். நான் இன்றைக்கும் நடையைப் பார்க்கிறவன். லியோனார்டுக்கு ஓட்டு.

48கிலோ எழுதியது:

ஐயா, உங்கள் மாமாவை எனக்குப் பிடித்துவிட்டது.

2022 ஏப்ரல், மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கேட்டி டெய்லரும் அமண்டா செரானோவும் மோதியதை யாராவது பார்க்காமல் இருந்தால் பாருங்கள். இரண்டு ஸ்டைலும் ஒரே ஆளுக்குள் இருப்பதை அதில் பார்க்கலாம். பெண்கள் சண்டை பத்துச் சுற்று, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். அந்த மூன்றாவது நிமிடம் இல்லாததால் மெதுவாக அளந்து பார்க்க நேரமே கிடையாது. ஐந்தாவது சுற்றில் செரானோ டெய்லரைப் பிடித்துவிட்டார். மூக்கில் ரத்தம், கால் தள்ளாடுகிறது, முடிந்தது என்றுதான் நினைத்தேன். டெய்லர் அடுத்த சுற்றுகளில் மறுபடியும் தூரத்துக்குப் போய், உள்ளே வந்து இரண்டு மூன்று போட்டுவிட்டு விலகி, கொஞ்சம் கொஞ்சமாகச் சண்டையைத் திரும்ப எடுத்தார். பத்தாவது சுற்றில் இரண்டு பேரும் தூரத்தை எல்லாம் மறந்துவிட்டு நடுவில் நின்று அடித்துக்கொண்டார்கள். தீர்ப்பு பிளவுபட்டு டெய்லருக்கு. அதிலும் இதே வழக்குதான் இன்னும் ஓடுகிறது.

அட்டைக்காரர் எழுதியது:

ஒரு விஷயம் மனதில் உறுத்துகிறது. சொல்லிவிடுகிறேன்.

நான் ரசித்துப் பார்த்த சண்டைகளில் முதல் மூன்றுக்குள் 2002 மே மாதம் நடந்த அர்துரோ கட்டி–மிக்கி வார்ட் முதல் சண்டை வரும். ஒன்பதாவது சுற்றில் வார்ட் உடம்பில் போட்ட ஒரு குத்தில் கட்டி மண்டியிட்டார், எழுந்தார், அடி வாங்கினார், அதே சுற்றில் திரும்ப வார்டை விரட்டினார். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். அந்த இரண்டு பேரும் மூன்று முறை மோதி நண்பர்களாகிவிட்டார்கள், பிறகு வார்ட் கட்டிக்குப் பயிற்சியாளராகவும் நின்றார்.

அதே நான் 1990 சாவேஸ்–மெல்ட்ரிக் டெய்லர் சண்டையை இப்போது பார்க்க முடியாமல் தவிக்கிறேன். டெய்லருக்கு மின்னல் கை. இரண்டு நடுவர்களின் அட்டையில் தெளிவாக முன்னால் இருந்தார். வெளியே நின்று ஆடியிருந்தால் முடிந்திருக்கும். அவர் பிலடெல்பியாக்காரர், நின்று அடிப்பதுதான் அந்த ஊர்ப் பெருமை. நின்று அடித்தார். கடைசிச் சுற்றில் விழுந்து எழுந்தார், மிச்சம் இரண்டே விநாடி இருக்கும்போது ரிங்குக்குள் இருந்த நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் நிறுத்தினார். எல்லோரும் அந்த இரண்டு விநாடியைப் பற்றியே பேசுகிறார்கள். நான் அவர் பிறகு கொடுத்த பேட்டிகளைப் பார்த்தேன். வார்த்தைகள் குழறி வந்தன. அந்தப் பன்னிரண்டு சுற்றில் அவர் வாங்கியது அவரோடு வீட்டுக்குப் போயிருக்கிறது.

நின்று அடி என்று கத்துகிற கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். அந்த ஸ்டைலை நான் நேசிக்கிறேன், அதை விட முடியாது. ஆனால் ஒருவர் கயிற்றோரம் சுற்றிப் போகும்போது கூச்சல் போடுவதை நிறுத்திவிட்டேன். அவர் வீட்டுக்குத் தெளிவான நாக்கோடு போக நினைக்கிறார்.

கருங்கல் எழுதியது:

இதற்கு என்னிடம் பதில் இல்லை நண்பரே. டெய்லர் பேட்டியை நானும் பார்த்திருக்கிறேன். பார்த்த அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

ஹாக்லர் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாது என்று கோபத்தில் சொல்வேன். இப்போது யோசித்தால், 32 வயதில் அந்தச் சண்டையோடு ரிங்கிலிருந்து இறங்கி, மறுபடி ஏறாமலே இருந்தாரே, அதுவும் ஒரு தற்காப்புதானோ என்று தோன்றுகிறது.

இடதுகை எழுதியது:

இழை இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். நேற்று ராத்திரி ஒரு காரியம் செய்தேன். டிவி சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு, ஒரு தாளை எடுத்துச் சுற்றுக்குச் சுற்று கோடு போட்டு, சண்டையை மறுபடியும் பார்த்தேன். வர்ணனை இல்லை, கூட்டத்தின் சத்தம் இல்லை.

லியோனார்டின் கடைசி 30 விநாடிப் படபடப்பு சத்தம் இல்லாமல் பார்த்தால் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. கூட்டம் எழுந்து கத்துவதால்தான் அத்தனை குத்தும் விழுந்த மாதிரி இருந்திருக்கிறது. பல குத்து ஹாக்லரின் கையுறையில், தோளில். இதை நான் இருபது வருடமாகக் கவனிக்கவில்லை, அண்ணனிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஐந்தாவது சுற்றின் கடைசியில் ஹாக்லர் போட்ட அப்பர்கட் நேர்மாறாக, சத்தம் இல்லாதபோதுதான் பெரிதாகத் தெரிந்தது. லியோனார்டின் தலை பின்னால் போய், கால் ஒரு நொடி சொன்னபடி கேட்கவில்லை. மணி காப்பாற்றியது.

இன்னொரு பக்கம், ஹாக்லர் தவறவிடுகிற குத்துகளும் இப்போதுதான் தெரிந்தன. முன்னால் வருகிற வேகத்தில் அவர் அடிக்கிறார் என்றே கண் எடுத்துக்கொள்கிறது. மெதுவாக ஓட்டிப் பார்த்தால் லியோனார்டின் தாடை கையளவு தூரத்தில் தள்ளி நிற்கிறது. லூனா பார்க் சொன்ன லோச்சே எனக்கு அந்த இடத்தில் ஞாபகம் வந்தார்.

முன்பு எப்போதும் 8-4 என்று சொல்வேன். தாளில் வந்தது 7-5, லியோனார்டுக்கே. அதிலும் ஒன்பதாவது சுற்றில் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஹாக்லர் இடது கைக் குத்தால் லியோனார்டை ஆட்டம் காண வைத்து மூலையில் அடைத்துவிடுகிறார், விடாமல் போடுகிறார். லியோனார்ட் அந்த மூலையிலிருந்தே திருப்பிப் போட்டு, குத்திக்கொண்டே வெளியே வருகிறார். ஹாக்லருக்கு என்று எழுதினேன், அடித்தேன், மறுபடி அதையே எழுதினேன்.

காலையில் அண்ணனுக்கு போன் செய்தேன். 7-5 என்றதும், "ஒன்பதை யாருக்குப் போட்ட?" என்றுதான் கேட்டார். ஹாக்லருக்கு என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பொங்கலுக்கு வரேன், சத்தம் இல்லாம ஒரு தடவை போடு, நானும் பேப்பர்ல எழுதுறேன்" என்றார்.

நீங்களும் சத்தத்தை அணைத்துவிட்டு ஒன்பதாவது சுற்றை மட்டுமாவது பாருங்கள். உங்கள் அட்டையை இங்கே போடுங்கள்.

கருங்கல் எழுதியது:

இப்போதுதான் பார்த்து முடித்தேன். 10-9, ஹாக்லர்.

48கிலோ எழுதியது:

10-9, லியோனார்ட். அந்த மூலையிலிருந்து வெளியே வந்தாரே, அதற்கு.